ரேடியேட்டருக்குள் புளித்தண்ணீர்

ஆடிக் கிருத்திகையன்று காலை பத்து நாற்பதுக்கு, எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குளியலறையிலிருந்து என் மகள் இருமும் சத்தம் கேட்டது. நேரம் நிச்சயமாகத் தெரியும். காவடிக்காரர்களுக்காகத் தெருவில் வைத்திருந்த தண்ணீர் டிரம்மை நிரப்பிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். முதல் இருமலைப் பொருட்படுத்தவில்லை. அடுத்தது இருமலாகவே இல்லை. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல இருந்தது. பிறகு தகரக் கதவை உள்ளிருந்து கை அடிக்கும் சத்தம். 'அப்பா' என்று தொடங்கிப் பாதியில் அறுந்துபோன குரல்.

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றும் வீட்டில் யாராவது குளியலறைக் கதவைத் தாழிட்டால் நான் ஏதாவது வேலை இருப்பதுபோல அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறேன். மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம் உள்ளே போனதும் சத்தமாக எதையாவது முணுமுணுத்துக்கொண்டே குளிக்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

என் மனைவி அரசு மருத்துவமனை நர்ஸ். தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு இந்த ஊருக்கு மாற்றலானபோது கைக்குழந்தையோடு வந்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர் வேலை கிடைத்தது. மலையடிவாரத்தில் ஒரு சந்தில் வீடு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டில் மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறைகளாகச் சமைக்கும் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நடுவில் இடுப்பளவுச் சுவர். அதற்கு மேலே அங்கிருந்து சர்க்கரைப் பொங்கலும் இங்கிருந்து முட்டை போடாத கிறிஸ்துமஸ் கேக்கும் போய்வரும்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோடையில் மாநிலத்தில் எங்கே அதிகச் சூடு என்று செய்தியில் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். மலைப்பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் தெருவுக்குத் திருப்பிக் கொடுக்கும். மகள் அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தினமும் ரயிலில் போய்வருவாள். அவளே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. ஏப்ரல் வந்துவிட்டால் அரைமணி நேரத்தில் சூடேறி அணைந்துவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்து, எங்களுக்கு இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைப்பாள். நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருப்போம், கம்ப்யூட்டர் காற்று வாங்கும்.

அந்த வருடம் ஒருநாள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு துணிப்பை நிறையச் சாமான்களோடு வந்தாள். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பயன்படுத்திவிட்டுப் போட்டுவிட்டுப் போனதாம். செம்புக் கட்டி ஒன்று, செம்புக் குழாய்களாலான சின்ன ரேடியேட்டர் ஒன்று, ஒரு பம்பு, கொஞ்சம் ரப்பர் குழாய். கம்ப்யூட்டரின் மூளை மேல் செம்புக் கட்டி உட்காரும்; அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வரும். லாரிக்கு இருப்பது மாதிரிதான் அப்பா, என்று விளக்கினாள். எனக்குப் புரிந்தது. லாரிக்கு அடிக்கடி என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

பிரச்சினை, எல்லாம் களிம்பேறிக் கிடந்தது. முன்னால் வைத்திருந்தவர் குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். செம்புக் கட்டி, தோண்டியெடுத்த பழைய காசுபோலக் கறுத்திருந்தது. திருகாணிகளைக் கழற்றித் திறந்தால் உள்ளே சீப்புப் பற்கள்போல மெல்லிய செம்புத் தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன, அவற்றின் இடுக்கெல்லாம் பச்சை. இந்தப் பச்சை இருக்கிறவரை தண்ணீருக்குச் சூடு இறங்காது என்றாள்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்கமாட்டேன். பெண் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு அப்பனோடு பேச என்ன இருக்கிறது? சாப்பிட்டாயா, ரயில் லேட்டா, அவ்வளவுதான். இப்போது சர்ச்சு முடிந்து வந்ததும் இரண்டு பேரும் பின்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செம்பு தேய்த்தோம். எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தோம். ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில் ஊறவைத்தோம். அழுகப்போன தக்காளியைப் பிசைந்து பூசினோம். பற்பசையும் பழைய பிரஷும்கூட. மேல்பக்கம் சட்டென்று வெளுத்து, குழந்தையின் உள்ளங்கை நிறத்துக்கு வந்துவிடும். மறுநாள் பார்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் ரேகையோடு கறுத்திருக்கும். துடைத்துக் காயவைக்காத தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டோம். தகடுகளின் இடுக்குக்கு மட்டும் எந்தப் பிரஷின் மயிரும் போகவில்லை. தேய்த்துக்கொண்டே அவள் கல்லூரியைப் பற்றி, ரயில் சிநேகிதிகளைப் பற்றி, மேலே என்ன படிக்கலாம் என்பதைப் பற்றியெல்லாம் பேசினாள். களிம்பு சீக்கிரம் போய்விட வேண்டும் என்று எனக்கு அவசரமே இல்லை.

கிருத்திகைக்கு முன்தினம் பக்கத்து வீட்டம்மா சுவரோரம் தன் வீட்டு அண்டா, குடம், விளக்கு எல்லாவற்றையும் பரப்பி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு செம்புகூடக் கறுப்பாக இருக்கக் கூடாது. அவர் கணவர் மூன்றாம் நாளாக மலைமேல் மடப்பள்ளியிலேயே இருந்தார். அந்தம்மா எங்கள் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார்.

"இது எந்த சாமிக்குப் பாத்திரம், பாப்பா?"

"கம்ப்யூட்டர் சாமிக்கு ஆன்ட்டி."

"அதுக்குக்கூட அபிஷேகமா?"

"ஆங், நாள் பூரா ஜலாபிஷேகம்தான்."

அவர் சிரித்துக்கொண்டே, எலுமிச்சையெல்லாம் கைக்கு வாசனையாக இருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லி, வருடம் போன கறுப்புப் புளியில் ஒரு உருண்டையைச் சுவருக்கு மேல் கொடுத்தார். உப்புப் போட்டுக் கெட்டியாகக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கோயில் அண்டாவே பளிச்சென்று ஆகும்போது இது எம்மாத்திரம் என்றார். செம்புக் கட்டியைப் புளியில் போட்டோம். சொன்ன மாதிரியே, பொழுது சாய்வதற்குள் தகடுகளின் இடுக்கில் பாதிப் பச்சை கரைந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் மிச்சப் புளித்தண்ணீரை அப்படியே புனல் வைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றி, வாயை அடைத்து, சாய்த்து வைத்தோம். ரசத்துக்குக் கரைப்பதுபோலத்தான் கரைத்திருந்தேன். வடிகட்டத் தோன்றவில்லை. பாத்திரத்துக்கு யார் வடிகட்டுகிறார்கள்?

அண்டாவுக்கு வாய் உண்டு. ரேடியேட்டருக்குள் இருப்பதோ தட்டையான நூல் குழாய்கள். காலையில் கவிழ்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. புளிச்சக்கையும் நாரும் அடியில் இறங்கி இறுகிவிட்டிருந்தன. மகள் வாய் வைத்து ஊதிப் பார்த்தாள். கன்னம் உப்பியதுதான் மிச்சம். நான் கம்பி தேடினேன். அவள் கம்பி விட்டால் குழாய் கிழியும் என்றாள். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் யோசிக்கலாம் என்று சொல்லி நான் தண்ணீர் டிரம்மைக் கவனிக்கப் போனேன்.

அன்று ஊரே வேறு ஊர். சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த மஞ்சள் துணிக் கூட்டம் எங்கள் சந்து வரை நெருக்கியடித்து நின்றது. எங்கே பார்த்தாலும் பூக்காவடி, பம்பைச் சத்தம், அரோகரா. கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் குளிக்க இடம் கேட்பார்கள். எங்கள் பின்கட்டுக் குளியலறையை வருடா வருடம் அவர்களுக்குத் திறந்துவிடுவோம். அதனால் நகராட்சிக்காரர் சந்துச் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு வந்தபோது நான் கேட்டு வாங்கி, குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றியும் இரண்டு கை போட்டிருந்தேன்.

மகள் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. கழிப்பறை கழுவ, சைக்கிள்காரரிடம் பாட்டிலில் வாங்கி வைத்திருந்த ஆசிட் புளியைக் கரைத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கவனமாகத்தான் செய்தாள். கைக்குப் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டாள். சமையலறையில் வேண்டாம் என்று குளியலறைக்குப் போனாள். யாரும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மேலே பட்டுவிடக் கூடாது என்று தாழிட்டாள். ரேடியேட்டரில் ஆசிட்டை ஊற்றி, பொறுத்திருந்து, கரைந்து வந்ததை ஓட்டையில் கவிழ்த்தாள். சுற்றிலும் வெள்ளையாக இருந்ததை அவள் சோப்புத்தூள் என்று நினைத்தாளாம். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் புகை கிளம்பும்.

நான் கதவை மூன்று நான்கு தடவை மோதினேன் என்று நினைக்கிறேன். தகரம் கீலோடு பிய்ந்து உள்ளே சாய்ந்தது. முழங்கால் உயரத்துக்கு மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை தரையோடு நகர்ந்தது. மூக்கில் ஏறியது வாசனை இல்லை, அடி. அவள் மூலையில் குந்தி, கண்ணைத் திறக்க முடியாமல், தாழ்ப்பாள் என்று நினைத்துச் சோப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிணற்றடியில் வைத்து முகத்திலும் தலையிலும் தண்ணீரை வாரி வாரி ஊற்றினேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சில் விசில் அடித்தது.

பக்கத்து வீட்டம்மா சுவரேறிக் குதித்து வந்தார். அவர் அப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை. மனைவிக்கு அடித்த போன் போகவே இல்லை. அன்று அத்தனை பேர் கையிலும் போன், ஒருவருக்கும் லைன் இல்லை. அவள் மலையுச்சி மருத்துவ முகாமில் ட்யூட்டியில் இருந்தாள். அடிவாரத்தில் குளத்தங்கரையில் இன்னொரு முகாம் இருந்தது. ஆட்டோ, வண்டி எதையும் உள்ளே விடவில்லை. நடந்தால் சாதாரண நாளில் ஐந்து நிமிடம். நான் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்திலிருந்து இறங்கினேன், பக்கத்து வீட்டம்மாவும் கூடவே வந்தார். கூட்டம் சுவர்போல நின்றது.

வழி விடுங்கள் என்று கத்த நினைத்தேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அதற்குள் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டார். நனைந்து அவிழ்ந்த கூந்தல், ரத்தமாய்ச் சிவந்த கண், மேலும் கீழும் தூக்கிப் போடுகிற மார்பு, காலை ஊன்ற முடியாத தள்ளாட்டம். ஆடிக் கிருத்திகையன்று அந்தத் தெருவில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்.

"சாமி வந்துகினு கீதுப்பா, வழி வுடுங்க."

பம்பைக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அடி வேகமெடுத்தது. யாரோ மகள் நெற்றியில் சந்தனத்தை அப்பினார்கள். ஒருவர் முகத்தை நோக்கி ஒரு கை விபூதியை வீச, நான் என் முகத்தைக் குறுக்கே கொடுத்து ஈரத்துண்டால் அவள் மூக்கை மூடினேன். சாமி இல்லை, ஆசிட் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. காலில் விழ ஆரம்பித்தார்கள். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் திரும்பவும் முடியவில்லை. அந்த இடத்தில்தான் பிள்ளை என் கையிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலிருந்து நான் இன்னும் முழுக்க வெளியே வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, மலைக்கே கேட்கிற மாதிரி அரோகரா போட்டார். சாமி குளத்துக்குப் போகணும் என்றார், தெலுங்கிலும் சொன்னார். கூட்டம் துணியைக் கத்தரித்ததுபோலப் பிளந்தது. பம்பைக்காரர்கள் முன்னால் ஓடி வழி செய்தார்கள். அந்த வழியில் நாங்கள் மூன்று பேரும் போனோம், ஞாயிறுதோறும் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்காருகிற நானும்.

பாதி வழியில் ஒரு அம்மாள் குறுக்கே விழுந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போன தன் பையன் திரும்பி வருவானா என்று கேட்டார். மகளுக்கு இருமல் பொங்கித் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. அதைப் பார்த்து அந்த அம்மாளின் வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டம்மா குனிந்து அவர் கையை மெதுவாகப் பிரித்தார்.

"வருவான்மா. சாமி சொல்லிடுச்சு. வழி வுடு."

அந்த அம்மாளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் பையன் வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் சில நாள் வேண்டிக்கொள்கிறேன்.

முகாமில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டே என்ன குடித்தாள் என்று கேட்டார். குடிக்கவில்லை என்றேன். ஆசிட் என்கிறீர்களே என்றார். பாதுகாப்புக்கு நின்றிருந்த போலீஸ்காரர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது சண்டையா, லவ் விஷயமா என்று விசாரித்தார். நான் செம்பு, புளி, ரேடியேட்டர், பிளீச்சிங் பவுடர் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது. இரண்டு பேரும் தலையாட்டியது, பாவம் பெற்றவர் என்ற மாதிரி இருந்தது. கடைசியில் மகளே மாஸ்க்கைத் தூக்கினாள்.

"வாட்டர் கூலிங் சார். ப்ராசசருக்கு."

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "இந்த ஊர் வெயிலுக்கு அது தேவைதான்" என்றார். அதன் பிறகு போலீஸ்காரர் தன் கேள்வியை விட்டுவிட்டார்.

உடனே மூச்சு சீரானாலும் நம்பக் கூடாது, சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆம்புலன்ஸ் அசைய முடியாது, சாயங்காலம் வரை இங்கேயே படுத்திருக்கட்டும். அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்ததுதான். சற்று நின்றதுபோலத் தோன்றினால் தொடுவேன், அவள் கண் திறந்து முறைப்பாள். நடுவில் ஒருமுறை, ரேடியேட்டரிலிருந்து புளி முழுக்க வெளியே வந்ததா என்று சைகையில் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அது நல்ல கோபம்.

போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் மலைமேலே செய்தி சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், காணாமல் போன குழந்தைகளின் அறிவிப்புக்கு நடுவே, முகாமில் பணிபுரியும் செவிலியர் உடனே கீழே வரவும், உங்கள் மகள் குளத்தங்கரை முகாமில் இருக்கிறாள் என்று ஊருக்கே கேட்க அறிவித்தார்கள். என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு, ஏறி வருகிற அத்தனை காவடிகளுக்கும் எதிராக ஒருத்தி படியிறங்கி வர வேண்டும். பக்கத்து வீட்டம்மா மகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தன் புளியால் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நீங்கள் இல்லாவிட்டால் இங்கே வந்தே சேர்ந்திருக்க மாட்டோம் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் சாய்கிற நேரத்தில் என் மனைவி வந்து சேர்ந்தாள். வெள்ளைப் புடவையில் முழங்கால் வரை சேறு, தோளெல்லாம் யார் யாரோ இடித்த சந்தனம். நேராக மகளிடம் போனாள். டாக்டர் சொல்லச் சொல்ல, கை மகளின் நாடியில் இருந்தது. அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, மகளை உட்காரவைத்து முதுகில் வைத்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாள் மகள்.

"பேசாத. மூச்ச இழு. விடு. இன்னொரு தடவ."

இரண்டு பக்கமும், மேலும் கீழும், வெகுநேரம் கேட்டாள். வெளியே பம்பை அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டிக் கேட்டாள். பிறகு மகளைப் படுக்கவைத்துப் போர்த்தி, கூந்தலில் ஒட்டியிருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை என்றாள். அதற்காகவே காத்திருந்தவன்போல நான் புளி, பவுடர், கதவு, கூட்டம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கி, நடுவில் இருமல் வந்து நின்றேன். அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவ ஒடச்சிகினு உள்ள போனது யாரு?"

நான்தான் என்றேன்.

"அப்ப காலையிலருந்து உங்கள யாரும் பாக்கலயா? இப்படி உக்காருங்க. சட்டையக் கழட்டுங்க."